படத்தில் தெரிந்த ஏரி

கொடைக்கானலில் தங்கிய ஓர் ஓட்டல் அறையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன பணம் போகட்டும், இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சாப்பாடு சுமார், போர்வை மெல்லிசு என்பன போன்ற குறைகளை நான் ஊர் திரும்பும் வழியிலேயே மறந்துவிடுவேன். ஒரு படத்தைக் காட்டி, அந்தப் படத்துக்கென்றே கூடுதல் வாடகையும் வாங்கிக்கொண்டு, வேறோர் அறையின் சாவியைக் கையில் கொடுத்த பிறகு, அதைக் கேள்வி கேட்பவன்தான் விவரம் தெரியாதவன் என்பதுபோல அங்கே நடந்துகொண்டார்களே, அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பயணம் அப்பாவுக்காக ஏற்பாடு செய்தது. அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பணியில் இருந்தபோது மாணவர்களைப் பேருந்தில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப்போன கதைகளை நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இப்போது அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவது முடியாத காரியம். ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதில் அவரை நடத்திக் கூட்டிப்போக முடியாது. கரையோரக் கூட்டத்தில் நெடுநேரம் நிற்க வைக்கவும் முடியாது. அதனால்தான், இருந்த இடத்திலிருந்தே ஏரியைப் பார்க்கும்படியான ஜன்னலுள்ள அறையாகத் தேடினேன். அப்படி ஒன்று கிடைத்தது. முன்பதிவுத் தளத்தில் இருந்த படத்தில், சுவரின் பாதியை அடைக்கும் பெரிய ஜன்னல், அதற்கு அப்பால் மரங்களுக்கு நடுவே ஏரியின் ஒரு கை, ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். படத்துக்குக் கீழே ‘லேக் வியூ டீலக்ஸ் ரூம்’ என்ற பெயர், 220 சதுர அடி, 24 மணி நேரமும் வெந்நீர், சாலை மட்டத்திலேயே அறை, படி ஏற வேண்டியதில்லை என்ற விவரங்கள். அதே ஓட்டலில் சாதாரண அறை ஓர் இரவுக்கு 2,800 ரூபாய். இந்த அறைக்கு 5,200 ரூபாய். அந்த 2,400 ரூபாய் வித்தியாசம் முழுவதும் ஜன்னலுக்காக என்று தெரிந்துதான் கொடுத்தேன், அப்பாவுக்காக மனமார்ந்துதான் கொடுத்தேன்.

மூடுபனி விலகிய காலை

வத்தலகுண்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி, பெருமாள்மலையை நெருங்கும்போதே பனி இறங்கிவிட்டது. ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தியபோது பத்தடி தூரத்தில் இருப்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கட்டில்தான். அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படும் அளவுக்கு அங்கே இடமில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடக்கலாம். ஜன்னலோரத்தில் நாற்காலி ஒன்றே ஒன்று. திரைச்சீலையை விலக்கினால் சுவரின் அடிப்பக்கம் ஈரம் கசிந்து, பெயின்ட் உப்பி உரிந்திருந்தது. திரை அதை மறைக்கும் நீளத்துக்கே தைக்கப்பட்டிருந்தது. குளியலறைக் கதவின் உட்புறத்தில், வெந்நீர் காலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டுமே வரும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கி வந்த பையனிடம் ஜன்னலைக் காட்டி, ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டேன். “இப்ப ஒண்ணும் தெரியாது சார், பனி. காலைல பாருங்க, பளிச்னு இருக்கும்” என்றான். அப்பாவுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. கொடைக்கானல் பனி எப்படி வரும், எப்படி விலகும் என்று அவர் எங்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவர் எழுந்து, கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. சற்று நேரத்தில் அந்த வெள்ளைக்குள் நேர்கோடு ஒன்று மேலிருந்து கீழாகத் தெரிந்தது. மரமாக இருக்கும் என்று நினைத்தேன். பனி இன்னும் கொஞ்சம் விலகியபோது அது பிளாஸ்டிக் குழாய் என்று தெரிந்தது. அந்தக் குழாய் ஒரு சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் பூசப்படாத சிமென்ட் கல் சுவர். எங்கள் ஜன்னலிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஜன்னலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் முழுதாக நின்றது. தலையைச் சாய்த்து மேலே பார்த்தால் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு மேல் நல்ல நீலவானமும் தெரிந்தன. பனி சுத்தமாக விலகிவிட்டது. அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பக்கத்துக் கட்டடம் போல இருக்கேப்பா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் வருத்தப்படக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேனேஜரிடம் போனேன். அவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். “எங்க ஓட்டல்ல எடுத்த படம்தான் சார், வாங்க காட்டுறேன்” என்று என்னை மூன்று மாடி ஏற்றி மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து ஏரி தெரிந்தது. படத்தில் இருந்த அதே கை, அதே மரங்கள். “தெரியுதுல்ல சார்?” என்றார். எனக்குத் தெரிகிறது, அறையில் இருப்பவருக்குத் தெரியவில்லையே என்றேன். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. படத்தில் உள்ளது மூன்றாவது மாடி அறை. ‘லேக் வியூ டீலக்ஸ்’ என்ற ஒரே கேட்டகிரியில் மூன்றாவது மாடி அறைகளும் இருக்கின்றன, சாலை மட்டத்து அறைகளும் இருக்கின்றன. பக்கத்துக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் கீழ் அறைகளிலிருந்தும் ஏரி தெரிந்ததாம். கட்டடம் எழும்பிய பிறகு படமும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை, வாடகையும் குறையவில்லை. ‘படி ஏற வேண்டியதில்லை’ என்பது கீழ் அறைக்கு உண்மை. ஏரி மேல் அறைக்கு உண்மை. இரண்டு அறைகளின் நல்ல குணங்களைச் சேர்த்து இல்லாத ஓர் அறையைச் செய்து, அதை எனக்கு விற்றிருக்கிறார்கள். “ஆன்லைன் வேலையைப் பாக்கறவங்க போட்டது சார், எங்க கையில இல்ல” என்றார் மேனேஜர். மேல் அறைகள் நிரம்பியிருந்தன. “ஐயாவை மாடிக்குக் கூட்டிட்டு வாங்க சார், நாற்காலி போட்டுத் தர்றேன்” என்று அவர் சொன்னது உண்மையான அக்கறையோடுதான். அந்த ஓட்டலில் லிப்ட் கிடையாது.

வேறிடம் பார்த்துப் போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மே மாதம், சீசன். அக்கம்பக்கத்தில் நான்கைந்து இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தோம், எங்கும் அறை இல்லை. கட்டிய பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் இருந்தது. இருந்துவிட்டோம்.

சாவி வாங்குமுன் அறை பார்த்த வழக்கம்

ஊருக்கு வந்த பிறகு அப்பாவோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பழைய லாட்ஜ் வழக்கத்தை நினைவுபடுத்தினார். மதுரையிலும் திருச்சியிலும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜுகளில், “ரூம் பாத்துட்டுச் சொல்லுங்க” என்பதுதான் மேசையில் இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை. ரூம் பாய் சாவிக்கொத்தோடு முன்னால் போவான், நாம் பின்னால் போவோம். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, மின்விசிறியைப் போட்டுப் பார்ப்பது, கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது, தலையணையை முகர்ந்து பார்ப்பது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பது எல்லாம் பெண்கள் பிள்ளைகளோடு போகும் எந்தக் குடும்பத்துக்கும் பழக்கமான காரியங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு அறை காட்டுவார்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த லாட்ஜுக்குப் போவோம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் அட்வான்ஸும் அதற்குப் பிறகுதான். சிறு நகரங்களில் நேரில் போய்க் கேட்டால் இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது.

அந்த வழக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. விற்பவருக்குத் தன் அறையின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை அந்தப் பத்து நிமிடப் பார்வை சரிசெய்தது. இன்றைக்கு நாம் வீட்டிலிருந்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, களைத்துப்போய், பெட்டி படுக்கையோடும் வயதானவர்களோடும் வாசலில் நிற்கும்போதுதான் அறையை முதன்முதலாகப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் வலிமை நமக்கு இல்லை என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, முன்பு நம் கண் செய்த வேலையை இப்போது படம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஓட்டல் நடத்துபவர்கள் அந்தப் படத்தை அழகுக்காகப் போட்ட அலங்காரமாக நினைக்கலாம். பணம் கட்டுகிறவனுக்கு அது ஒன்றுதான் சாட்சி. துணிக்கடையில் ஒரு புடவையை விரித்துக் காட்டிவிட்டு, ஏறக்குறைய அதே விலையுள்ள வேறொன்றை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தால் எந்தப் பெண்ணாவது ‘அதே கேட்டகிரி’ என்ற சமாதானத்தை ஏற்பாளா? அறை விஷயத்தில் மட்டும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

படம் எப்படிப் பொய் சொல்கிறது என்பதையும் அதற்குப் பிறகு கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். பெரும்பாலும் திருத்தமே தேவைப்படுவதில்லை. அகலக் கோண லென்ஸை மாட்டிக்கொண்டு, கதவோர மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தால், பக்கத்தில் உள்ளது நீண்டும் தூரத்தில் உள்ளது விலகியும் போய், பத்தடி அறை கூடம் மாதிரித் தெரியும். இன்றைய கைபேசிகள் பலவற்றிலேயே 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதும். கட்டிலின் கால்மாடு தலைமாட்டைவிட மிக அகலமாகத் தெரிந்தாலோ, ஓரத்தில் உள்ள நாற்காலி இழுத்துவிட்டதுபோல நீண்டிருந்தாலோ அந்தப் படத்தின் அளவை நம்பக் கூடாது. எங்கள் அறையின் உண்மையான அளவைத் தரையே சொல்லிவிட்டது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஐந்து. ஆக 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி. 120 சதுர அடி என்பது தன்னளவில் குற்றம் இல்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் ஓட்டல்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கும் வழிகாட்டு விதிகளிலேயே, ஒரு நட்சத்திர ஓட்டலின் படுக்கையறைக்குக் குளியலறை நீங்கலாகக் குறைந்தபட்ச அளவு 120 சதுர அடிதான். அந்தத் தகுதியை ஒவ்வோர் ஓட்டலும் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 120 என்று எழுதியிருந்தால் நான் அதற்குத் தகுந்த வாடகை கொடுத்துத் தகுந்த எதிர்பார்ப்போடு போயிருப்பேன். 220 என்று எழுதியதுதான் தவறு.

கொடைக்கானலில் ஓட்டல் நடத்துபவர்களின் சிரமமும் எனக்குப் புரியாமல் இல்லை. 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வெரெ ஹென்றி லெவிஞ்ச் என்பவர் கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. நட்சத்திரம்போலக் கைகள் விரிந்து, ஏறக்குறைய 60 ஏக்கரில், சுற்றிலும் மேடு சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. ஊரின் எல்லாச் சரிவுகளிலிருந்தும் அது தெரியாது. தெரியும் சரிவுகளிலும் மரங்கள் வளர்கின்றன, கட்டடங்கள் முளைக்கின்றன. ஏரியைப் பார்க்கும் ஜன்னல் அங்கே அரிய பொருள், அரிய பொருளுக்கு விலை அதிகம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பக்கத்து மனைக்காரர் வீடு கட்டுவதை ஓட்டல்காரர் தடுக்கவும் முடியாது. ஆனால் சுவர் எழும்பிய அன்றே படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படம் போடுவது அவர் கையில் இருக்கிறது. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

விதியில் எழுதியிருப்பது

‘படங்கள் மாதிரிக்காக மட்டுமே’ என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை முன்பதிவுத் தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். அந்த ஒரு வரியால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல அவர் பேசியதால்தான், சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளையோ சேவையையோ பொய்யாக விவரிப்பதையும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வரி விளம்பரத்தின் முக்கியக் கூற்றை விளக்கலாமே தவிர அதற்கு முரணாக இருக்கக் கூடாது, தவறாக வழிநடத்தும் கூற்றைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. ஏரி தெரியும் என்று பெரிய எழுத்தில் சொல்லிவிட்டு, தெரியாமலும் போகலாம் என்று சிறிய எழுத்தில் சொல்வதற்கு அங்கே இடமில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இன்னும் நேரடியானவை. விவரங்களும் படங்களும் உண்மையான தோற்றத்தோடும் தன்மையோடும் பொருந்தியிருக்கும் என்ற உறுதிமொழியை விற்பவர்களிடமிருந்து தளங்கள் வாங்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. படங்கள் என்றே அங்கு எழுதியிருக்கிறது. விளம்பரப்படுத்திய அம்சங்கள் சேவையில் இல்லையென்றால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்லி முடியாது. அந்த மொட்டை மாடியில் நான் கேட்டது அதிகப்படியானது இல்லை என்று யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். விளம்பரப் பக்கத்தின் திரைப்பதிவு, ஜன்னலிலிருந்து எடுத்த சுவரின் படம், டைல்ஸ் தெரியும்படி எடுத்த தரையின் படம், வெந்நீர் நேரம் எழுதிய காகிதத்தின் படம், கட்டணச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்தேன். முன்பதிவுத் தளத்திலும் அதே படங்களோடு ஒரு மதிப்புரை எழுதினேன். மேனேஜரின் மரியாதையான நடத்தையையும் மறக்காமல் குறிப்பிட்டேன். சில நாட்களில் ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் மேனேஜர் இல்லை, வேறொருவர். வாடகையில் பாதியைத் திருப்பித் தருகிறோம், மதிப்புரையை எடுத்துவிடுங்கள் என்றார். பணத்தைத் தாருங்கள், திருப்பித் தந்தார்கள் என்பதையும் அதே மதிப்புரையின் கீழ் நன்றியோடு எழுதுகிறேன், ஆனால் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். முழங்கால் வலியுள்ள ஓர் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு அடுத்த மே மாதம் அதே அறைக்கு வரப்போகிறவருக்கு, அந்தச் சுவரின் படத்தைத் தவிர வேறு எச்சரிக்கை எதுவும் கிடையாது என்பதையும் சொன்னேன். அப்படியென்றால் பணம் தருவதற்கு இல்லை என்று அவர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேவை கிடைத்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணம் கிடையாது, நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும், வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எழுதும்போது, கூடுதலாக வாங்கிய வாடகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதை இரண்டாவது கோரிக்கையாகத்தான் வைத்தேன். நியாயமற்ற வணிக நடைமுறையை நிறுத்தச் சொல்லவும், திருத்தம் கூறும் விளம்பரம் வெளியிடச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, சாலை மட்டத்து அறைகளுக்கு அந்த ஏரிப் படத்தைக் காட்டுவதை நிறுத்த வேண்டும், அந்த அறைகளின் ஜன்னலிலிருந்து இன்று என்ன தெரிகிறதோ அதையே படமாகப் போட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. மனுவை அனுப்புவதற்கு முன் அப்பா படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார்.